முதுகுப் பிடிப்புக்குப் பிறகு ரோயிங் மெஷின்: எட்டு வாரப் பதிவு

கீழ்முதுகுத் தசை பிடித்து, வலி அடங்கிய பின் ரோயிங் மெஷினில் (உட்கார்ந்தபடி துடுப்புப் போடுவதுபோல் கைப்பிடியை இழுக்கும் உடற்பயிற்சிக் கருவி) திரும்ப ஏறிய கணக்கு இது. காலில் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர்தான், மெஷின் அல்ல.

வாரம் 1, 2: மெஷினைத் தொடவில்லை. முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் சொல்லும் மூன்று பயிற்சிகள் மட்டும்: கர்ல் அப் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் சற்றே தூக்குவது), முழங்கால் ஊன்றிய பக்கவாட்டு பிளாங்க் (ஒருபக்கமாகப் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது), பேர்ட் டாக் (கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது). ஒவ்வொரு பிடியும் 10 விநாடி. முதல் சுற்றில் 6 முறை, அடுத்ததில் 4, கடைசியில் 2 என்று இறங்குவரிசை. பேர்ட் டாக்கில் காலை உயரத் தூக்கினால் கீழ்முதுகு குழிந்துவிடும். இடுப்பின் மேல் ஒரு புத்தகத்தை வைத்துச் செய்தால், அது நழுவும் பக்கமே எங்கே தப்பு என்று காட்டிவிடும்.

வாரம் 3: கான்செப்ட்2 மெஷின். ஜிம்மில் டேம்பர் (சக்கரத்துக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு, 1 முதல் 10 வரை) பெரும்பாலும் 10-ல்தான் நிற்கும். அதை முதலில் இறக்க வேண்டும். டேம்பர் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. விசிறிக் கூண்டில் தூசி அடைந்திருந்தால் அதே எண்ணில் காற்றின் தடை குறையும். மானிட்டரில் டிராக் ஃபேக்டரை (காற்றின் தடையை மெஷினே அளந்து காட்டும் எண்) திறந்து, சில இழுப்பு இழுத்து, 105-110க்குள் வைத்தோம். டிராக் கூடினால் சக்கரம் இரண்டு இழுப்புக்கு நடுவே வேகமாகத் தளர்ந்துவிடும். உடல் மிகவும் மடங்கியிருக்கும் கணத்தில் அதை மறுபடி உசுப்பும் பாரம் முதுகில்தான் விழும்.

5 நிமிடம் இரண்டு முறை, நடுவே 3 நிமிடம் எழுந்து நடை. நிமிடத்துக்கு 18 இழுப்பு, ஸ்பிளிட் (500 மீட்டருக்கு ஆகும் நேரம்) 2:45.

முதுகைக் காப்பதும் கெடுப்பதும், இழுத்து முடித்து முன்னால் திரும்பி வரும் பாதிதான். கை நீண்டு, உடல் இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகே முழங்கால் மடங்க வேண்டும். முந்தி மடங்கினால், முன்னால் போய்ச் சேரும்போது எட்டாத தூரத்தை முதுகை வளைத்து எட்டுவோம். கணுக்கால் முதல் முழங்கால் வரை செங்குத்தானதும் நின்றுவிடலாம், அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம். பின்தொடை இறுக்கமானவர்கள் பாதத்தை ஒரு துளை கீழே இறக்கிக் கட்டினால் இடுப்பு சுலபமாக மடியும். இழுக்கும்போது இருக்கை பின்னால் ஓட, கைப்பிடி அங்கேயே நின்றால் கால் தள்ளியது அத்தனையும் வீண். இரண்டும் சேர்ந்து நகர வேண்டும்.

வாரம் 4, 5: 5 நிமிடம் நான்கு முறை. கூடவே துடைப்பக் குச்சியைப் பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் ஒட்ட வைத்து இடுப்பை மடக்கும் பழக்கம். பிறகு 12 கிலோ கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) டெட்லிஃப்ட், அதாவது இடுப்பை மடக்கி அதைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது, 8 வீதம் மூன்று செட்.

வாரம் 6: 25 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிய மறுநாள் காலை வாஷ்பேசினில் குனிந்தபோது முதுகு விறைப்பு. களைப்பில் கடைசிச் சில நிமிடம் இடுப்பு பின்னால் சுருண்டதே காரணம். மூன்று நாள் நடை, பிறகு 8 நிமிடம் மூன்று முறை. உடற்பயிற்சியின்போது தெரியும் வலியைவிட மறுநாள் காலை வாஷ்பேசின்தான் நம்பகமான அளவுகோல். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மெஷினும் வேண்டாம். இரவு முழுக்க நீர் ஏறி உப்பிய முதுகெலும்பு வட்டுகள் (எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற டிஸ்க்) அப்போது குனிவைத் தாங்காது.

வாரம் 8: 10 நிமிடம் மூன்று முறை, 20 இழுப்பு, ஸ்பிளிட் 2:30, அதாவது ஏறக்குறைய 104 வாட். மறுநாள் விறைப்பு இல்லை. அடுத்தது 15 நிமிடம் இரண்டு முறை, அதே ஸ்பிளிட்டில். ஸ்பிரிண்ட் இப்போதைக்கு இல்லை.