ஓசையில்லாத ஓர் எழுத்து

அம்மா போன பிறகு ஆறு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. வேதாகமத்தைத் திறந்தாலும் வார்த்தைகள் வெறும் இரைச்சலாகவே பட்டன.

அப்போதுதான், கடவுள் பத்துக் கட்டளைகளைக் கொடுத்த சீனாய் மலைச் சம்பவத்தை யூத ஞானிகள் வாசித்த விதத்தைப் படிக்கத் தொடங்கினேன். போலந்தின் ரிமானோவில் வாழ்ந்து 1815இல் மறைந்த மெண்டல் என்ற, ஹசீதியம் எனும் யூத பக்தி இயக்கத்தின் குரு சொன்னதாக ஒரு விளக்கம் உண்டு. மலையடியில் நின்ற மக்கள் பத்துக் கட்டளைகளையும் கடவுளிடமிருந்து நேராகக் கேட்கவில்லை. முதல் சொல்லான ‘அனோகி’யின் முதல் எழுத்தை, ஆலெஃபை, மட்டுமே கேட்டார்கள். எபிரேயத்தில் ‘அனோகி’ என்றால் நான். ஆலெஃபுக்கோ தனி ஒலியே கிடையாது. பேசப்போகிறவரின் தொண்டை திறக்கும் கணம், அவ்வளவுதான்.

அந்த எழுத்தின் வடிவத்தையும் பிரித்துப் பார்ப்பார்கள். இரண்டு யோத் எழுத்துகள், நடுவே சாய்ந்த ஒரு வாவ் எழுத்து. எபிரேயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு: இங்கே 10, 10, 6. கூட்டினால் 26. யூதர்கள் உச்சரிக்காமல் விடும் இறைவனின் நாலெழுத்துப் பெயருக்கும் அதே 26. ஆனால் எனக்குக் கணக்கைவிட அந்த மௌனம்தான் பெரிது.

நம் தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் வரும் வசனம் ‘நானே’ என்று முடிகிறது. எபிரேயத்தில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இப்போது விடியற்காலையில் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து, அந்தச் சொல்லின் வாசலிலேயே நின்றுவிடுகிறேன். மூச்சை இழுத்து, எதுவும் சொல்லாமல்.

நேற்று அப்படி இருந்தபோது அம்மா நினைவு வந்தது. முதல்முறையாக நெஞ்சு அடைக்கவில்லை. பால்காரர் மணியடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.