மீட்ட சிங்கத்த காட்டுல விட்ர வேண்டியதுதானேன்னு கேக்குறவங்களுக்கு

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பழைய வீடியோ சுத்திச்சு. பெரு, கொலம்பியா சர்க்கஸ்கள்ல இருந்து மீட்ட 33 சிங்கத்த 2016ல பிளைட்ல ஏத்தி தென்னாப்பிரிக்கா கொண்டு போனாங்கள்லா, அது. அதப் பாத்துட்டு அம்பை சித்தப்பா கேக்காரு, "ஏ, இவ்ளோ செலவழிச்சு ஆப்பிரிக்காவுக்கே கொண்டு போயிட்டு அங்கனயும் வேலி போட்டு எதுக்குல வச்சிருக்கான், காட்டுல அவுத்து விட வேண்டியதுதான?"

சித்தப்பா கேக்கதுலயும் ஒரு நியாயம் இருக்கு. பாபநாசம் பக்கம் ஊருக்குள்ள சிறுத்தை வந்தா கூண்டு வச்சுப் பிடிச்சு மேல காட்டுல கொண்டு விடுறதப் பாத்துப் பழகுன ஆளு. ஆனா அது காட்டுலயே பொறந்து வேட்டையாடிப் பழகுனது. சர்க்கஸ் சிங்கம் கூண்டுல பொறந்தது, அதுக்கு வேட்டைனா என்னன்னே தெரியாது, மனுசனப் பாத்தா சாப்பாடு வருதுன்னு கிட்டத்துல வரும், அத வெளிய விட்டா ஒன்னு அது பட்டினியா சாவும் இல்ல ஊருக்குள்ள வந்து நிக்கும். அந்த பெரு சிங்கங்கள்ல நெறயத்துக்கு நகமே கெடையாது. நகத்த எடுக்கதுன்னா நாம நகம் வெட்டுற கதை இல்ல, ஒவ்வொரு விரல்லயும் கடைசி எலும்போட சேத்து நறுக்கி எடுத்துருவாங்க, பெறவு ஆயுசுக்கும் மூட்டு வலிதான். பல்லையும் ஒடச்சு வச்சிருந்தானுவ.

நம்ம ஊர் பொருட்காட்சித் திடல்ல சர்க்கஸ் போட்ட காலத்துல சிங்கம் பாத்தவங்க இருப்பீங்க. இரும்புக் கம்பி சுரங்கம் மாதிரி ஒரு பாதை, அதுக்குள்ள குனிஞ்சு ஓடிவந்து ஸ்டூல்ல ஏறி உக்காரும், மூத்திர நாத்தம் முன்வரிசை வரைக்கும் அடிக்கும், நாம கைதட்டிட்டு இருந்தோம். 1998ல மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இதுகள வச்சு வித்தை காட்டக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, சர்க்கஸ்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2001 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு தடை செல்லும்னு சொல்லிருச்சு. சரி, தடை போட்டாச்சு, சிங்கம்? வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேருகட்டான்னு மீட்பு மையம் கட்டி அங்க கொண்டு போனாங்க.

மீட்குறது கொஞ்ச நாள் வேலை, போட்டோவும் அன்னைக்குத்தான் எடுப்பாங்க. அதுக்கப்புறம் இருக்கது வருசக்கணக்கா கறிச் செலவு. ஒரு சிங்கத்துக்கு ஒரு நாளைக்கு ஆறேழு கிலோ கறி வேணும், வாரத்துல ஒரு நாள் பட்டினி போடணும், வயித்துக்கு அதான் நல்லது. பல்லு போன கெழடுக்கு எலும்பில்லாம நறுக்கிப் போடணும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம், நல்லா நடத்துற எடங்கள்ல மயக்க ஊசியே போடாம ரத்தம் எடுக்காங்க. கம்பிய ஒட்டிப் படுத்து வாலக் குடுக்கதுக்கு கறித்துண்டக் காட்டிப் பழக்கியிருக்காங்க, முன்னால ஒருத்தர் ஊட்டிட்டே இருப்பாரு, பின்னால டாக்டர் வால்ல இருந்து ரத்தம் எடுத்துருவாரு. சாட்டைக்குப் பயந்து ஸ்டூல்ல ஏறுன மிருகம்ங்கிறத நெனச்சுப் பாருங்க.

இன்னொன்னு, குட்டி போட விடக்கூடாது. நம்ம சர்க்கஸ் சிங்கங்கள்ல நெறய ஆப்பிரிக்க சிங்கமும் கிர் காட்டு சிங்கமும் கலந்த கலப்பு, அதனால இனம் காக்குற கணக்குலயும் அதுக்கு எடமில்ல. ஆண் சிங்கத்துக்கு காயடிச்சா பிடரி கொட்டிப் போயிரும்னு, விதைய எடுக்காம விந்துக் குழாய மட்டும் வெட்டி விடுற வாசக்டமி பண்ணுதாங்க. ஆகமொத்தம் இருக்க சிங்கம் வயசாகிச் செத்து கூண்டு ஒவ்வொன்னா காலியாகணும், அதுக்குத்தான் அந்த எடமே. குட்டி இல்ல, டிக்கெட் வாங்கி வேடிக்கை பாக்க கூட்டமும் இல்ல, அப்ப எவன் காசு குடுப்பான்? அங்கனதான் இழுபறியே.

அதனால டூர் போற மக்களே, சரணாலயம்னு போர்டு மாட்டிட்டு சிங்கக் குட்டிய மடில வச்சு போட்டோ எடுக்க விடுதான்னா காசு குடுக்காதீங்க. தென்னாப்பிரிக்காவுல அப்படிக் கொஞ்சவிட்டு வளத்த குட்டிய பெரிசானதும் வேலிக்குள்ள வச்சே சுடுறதுக்கு வேட்டைக்காரனுக்கு விக்குற யாவாரமே இருக்கு. நம்ம சொந்தக்காரங்கதான் வருசாவருசம் அந்த போட்டோவ ஸ்டேட்டஸ் வைக்காங்க, நாமளும் ஹார்ட் போடுதோம்.