தினம் ஒரு தலைப்பு, தினம் ஒரு ராக் பாட்டு: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

அக்காள் மகன் ஒரு விளையாட்டைத் தொடங்கி வைத்திருக்கிறான். இந்த மாதம் தினமும் காலையில் அவன் ஒரு தலைப்பு அனுப்புவான். இரவு படுக்கப் போவதற்குள் அதற்குப் பொருந்தும் ராக் பாட்டு ஒன்றைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். நான், அவன், அவனோடு கல்லூரியில் கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் இருவர். "ஒரு குழுவை ஒருமுறைதான் சொல்லலாம், மாமா" என்று விதியும் போட்டுவிட்டான்.

முதல் தலைப்பு: தொடங்கிய கணமே அடையாளம் தெரியும் பாட்டு. டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' இருக்கும்போது வேறொன்றைத் தேடுவது வீம்பு. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்த்ரூ நகரில், சூதாட்ட விடுதி அரங்கில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவர் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட, கட்டடம் முழுவதும் எரிந்து போனது. அங்கே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள், ஜெனீவா ஏரியின் மேல் புகை பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டின் வரிகள் அன்று நடந்ததை ஊர்ப்பெயரோடு அப்படியே சொல்கின்றன.

கிட்டார் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோர் அந்தத் தொடக்கத்தை பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கொண்டு வாசிப்பதில்லை. இரண்டு தந்திகளை விரல்களால் ஒரே நேரத்தில் பறிக்கிறார். பிக்கால் தேய்த்தால் அந்த வெட்டு வராது.

ஜூன் 2, திங்கள்

தலைப்பு: டிரம்ஸ். லெட் ஸெப்பலினின் 'வென் த லெவீ பிரேக்ஸ்' (ஆற்றுக்கரை உடையும்போது), 1971. இதைப் பற்றிப் பேச ஓர் இரவு போதாது.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய வீடு. ஒரு காலத்தில் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய கட்டடம். அதன் மாடிப்படிக் கூடத்தின் அடியில் ஜான் பானமின் டிரம்ஸை வைத்தார்கள். ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே இரண்டு மைக்குகளை மேல்தளத்திலிருந்து தொங்கவிட்டார். டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக் எதுவும் இல்லை. அடித்த அடி சுவரில் மோதி, படியேறி மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் பதிவானது. இயர்போனில் கேளுங்கள். ஒவ்வொரு அடிக்குப் பின்னும் அந்தக் கூடத்தின் உயரம் தெரியும். பானம் வேகமாக வாசிக்கக்கூடியவர். இங்கே அவசரமே இல்லாமல் அடிக்கிறார்.

பாட்டின் வேர் இன்னும் பழையது. 1927-இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு பெருவெள்ளமாகப் பாய்ந்தது. கறுப்பினத் தொழிலாளர்களைக் கட்டாயப்படுத்திக் கரைகளில் வேலை வாங்கினார்கள். 1929-இல் கேன்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் இதைப் பாடிப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவில் இரண்டு கிட்டார்களும் ஒரு குரலும் மட்டுமே. முதலில் அதைக் கேட்டுவிட்டு ஸெப்பலினுக்கு வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

தலைப்பு: நெடும்பயணம். நெதர்லாந்துக் குழுவான கோல்டன் இயரிங்கின் 'ரேடார் லவ்', 1973. இரவெல்லாம் வண்டி ஓட்டுகிறவனின் பாட்டு. பாஸ் கிட்டார் ஓட்டத்துக்காகவே கேட்கலாம். இந்தத் தலைப்பில் இதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

ஜூன் 4, புதன்

தலைப்பு: குரல். மருமகன் ஃபிரெடி மெர்குரியைச் சொன்னான். ஸான்சிபாரில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, நம் பஞ்சகனியில் பள்ளிப் படிப்பைப் படித்தவர். நல்ல தேர்வு. நான் சொன்னது ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்ட்டர்', 1969. அதில் மிக் ஜாகரின் குரலைக் கூட நான் சொல்லவில்லை, மெர்ரி கிளேட்டனின் குரலைச் சொன்னேன்.

லாஸ் ஏஞ்சலஸில் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. கர்ப்பிணி. தலையில் சுருள் ஊசிகளோடு, இரவு உடையிலேயே கிளம்பிப் போனார். போர், கொலை, வன்முறை எல்லாம் ஒரு சுடுதூரத்தில் இருப்பதாகச் சொல்லும் வரிகளை அவரிடம் கொடுத்தார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒவ்வொரு சுற்றிலும் சுருதியை ஏற்றிக்கொண்டே போகிறார். சுடுதூரம் என்று வரும் இடத்தில் ஒருமுறை குரல் பிளக்கிறது. அடுத்த சுற்றில் கொலை என்ற சொல்லை உச்சத்தில் பிடிக்கும்போது மறுபடியும் பிளக்கிறது. பின்னாலிருந்து யாரோ மெய்ம்மறந்து கூவுவது பதிவில் அப்படியே இருக்கிறது.

"இன்றைக்கு என்றால் மென்பொருளில் சரிசெய்துவிடுவார்கள், மாமா" என்றான் மருமகன். சரிசெய்துவிட்டால் மிஞ்சுவது என்ன? அந்த வரிகளின் பயத்தை எழுதியவர்கள் பாதிதான் எழுதினார்கள். மீதியை அந்தப் பிளவு எழுதியது. ஓர் உடம்பு, ஓர் அறை, ஓர் இரவு, இவை பதிவில் கேட்க வேண்டும். எனக்கு ராக் பிடித்துப்போன காரணமே இதுதான். இதில் அவனோடு சமாதானமாகப் போகிற உத்தேசம் இல்லை.

2014-இல் கார் விபத்தில் கிளேட்டன் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். 2021-இல் புதிய ஆல்பத்தோடு மீண்டும் பாட வந்தார். அதையும் கேளுங்கள்.

ஜூன் 5, வியாழன்

தலைப்பு: இங்கே இல்லாத ஒருவருக்கு. இன்றைய தேதியைப் பார்த்துத்தான் இந்தத் தலைப்பை அனுப்பினானோ என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, தற்செயல்தானாம்.

பிங்க் ஃபிளாய்டின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. குழுவைத் தொடக்கத்தில் வழிநடத்தியவர் சிட் பாரெட். மனநலம் குலைந்து 1968-இல் விலகிப் போனார். அவரை நினைத்து எழுதிய இந்தப் பாட்டை லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் செதுக்கிக்கொண்டிருந்தபோது, 1975 ஜூன் 5 அன்று, தலையையும் புருவங்களையும் மழித்த பருமனான ஒருவர் உள்ளே வந்து நின்றார். அவர்தான் சிட் என்பது கூட வாசித்த நண்பர்களுக்கே முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் ராஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார். இன்றோடு 50 ஆண்டுகள்.

தொடக்கத்தில் நீளும் கீபோர்டு ஒலிக்குப் பிறகு டேவிட் கில்மோர் கிட்டாரில் நான்கே சுரங்களை வாசித்துவிட்டு நிறுத்துவார். கூப்பிட்டுவிட்டு, பதில் வருமா என்று காத்திருப்பது போன்ற நிறுத்தம் அது. ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. இசை மங்கி மறையும் வேளையில் ரிச்சர்ட் ரைட் கீபோர்டில் 'சீ எமிலி பிளே' மெட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார். 1967-இல் சிட் எழுதிய பாட்டு அது. ஒலியைக் கூட்டி வைத்துக் காத்திருந்தால்தான் காதில் விழும்.

பிங்க் ஃபிளாய்ட் மாதக்கணக்கில் பட்டைதீட்டிய இசை, நேற்றைய என் வாதம் இங்கே செல்லாது என்று மருமகன் மடக்கினான். பட்டைதீட்டுவதோடு எனக்குப் பகை கிடையாது. அந்த நான்கு சுரங்களுக்குப் பின் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை ஒரு மனிதனின் கைதான் தீர்மானித்திருக்கிறது.

ஜூன் 7, சனி

நேற்று அலுவலக வேலையில் எதுவும் எழுத முடியவில்லை. நேற்றைய தலைப்புக்கு இன்று பதில்: செய்தியிலிருந்து பிறந்த பாட்டு.

கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழுவின் 'ஒஹாயோ'. 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல்படை 13 விநாடிகளில் 67 முறை சுட்டது. மாணவர்கள் நால்வர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு நீல் யங் பாட்டை எழுதினார். மே 21-இல் ஒலிப்பதிவு. ஜூனில் இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. பதவியில் இருந்த அதிபர் நிக்சனின் பெயர் முதல் வரியிலேயே வருகிறது. அதற்காகவே சில வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன.

முடிவில் நான்கு பேர் இறந்தார்கள் என்ற வரி திரும்பத் திரும்ப வரும்போது, அதற்கு மேல் டேவிட் கிராஸ்பி ஏன், இன்னும் எத்தனை பேர் என்று கத்துகிறார். பதிவு முடிந்ததும் அவர் அழுதார். ஆற அமர ஓராண்டு கழித்து எழுதியிருந்தால் இன்னும் அழகான பாட்டு வந்திருக்கலாம். அந்த அழகு எனக்கு வேண்டாம்.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்குத் தலைப்பு இல்லை, விடுமுறையாம். ஆனால் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி அடியில் ஒருவன் மரப்பெட்டி டிரம்மைத் தட்ட, மருமகன் இரண்டாவது மாடிக் கைப்பிடியில் கைப்பேசியைக் கட்டித் தொங்கவிட்டுப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். நடுவில் ஒரு வீட்டுக் கதவு திறந்து, "இது என்னடா சத்தம்?" என்று ஒரு பாட்டி கேட்பதும் அதில் இருக்கிறது. டிரம் சத்தம் மட்டும் பிரமாதம். அந்தக் குரலை வெட்டாதே என்று பதில் அனுப்பினேன்.

ஜூன் 9, திங்கள்

தலைப்பு: கிட்டார். நண்பர்களில் ஒருவன் பிரையன் மேயைச் சொன்னான். 1963-இல் தந்தையும் மகனுமாகச் சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரத்திலிருந்து செய்யத் தொடங்கிய கிட்டாரைத்தான் அவர் இன்றும் வாசிக்கிறார். கேட்டதும் எனக்கே ஆசை வந்தது. ஆனாலும் என் பதில் டோனி ஐயோமி, பிளாக் சப்பாத்.

பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. 17 வயதில், வேலையின் கடைசி நாளன்று, இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளைத் துண்டித்தது. ஐயோமி இடது கைக்காரர். தந்தியை அழுத்தும் கை அவருக்கு வலது கைதான். இனி கிட்டார் இல்லை என்று நொந்து கிடந்தவரிடம் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார் தொழிற்சாலை மேலாளர். தீ விபத்தில் இரு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்துப் பெயர் பெற்றவர் ஜாங்கோ. ஐயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். அதனால் அழுத்த எளிதான மெல்லிய தந்திகளைத் தேடினார். பின்னாளில் சுருதியையும் இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். ஒலி கனத்தது.

1970 பிப்ரவரி 13-இல் வந்த முதல் ஆல்பம் அநேகமாக ஒரே நாளில் பதிவானது. அதன் முதல் பாட்டைப் போடுங்கள். மழை, மணி, பிறகு மெதுவாக மூன்றே சுரங்கள். மருமகனுக்கு இன்று வாதாட எதுவும் கிடைக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தலைப்பு: ஒருவர் எழுதி, இன்னொருவர் சொந்தமாக்கிக்கொண்ட பாட்டு. பாப் டிலன் 1967-இல் பதிவு செய்த 'ஆல் அலாங் த வாட்ச்டவர்'. சில மாதங்களிலேயே லண்டனில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை எடுத்து வேறொரு பாட்டாக்கினார். டிலனிடம் அது ஒரு சாதாக் கிட்டாரும் ஹார்மோனிகாவும் கொண்ட குறுங்கதை, ஹென்ட்ரிக்ஸிடம் புயல். டிலனே பிற்காலக் கச்சேரிகளில் ஹென்ட்ரிக்ஸ் பக்கம் சாய்ந்துதான் வாசித்தார். இருந்தும் இரவு கடைசியாக நான் திரும்பக் கேட்பது டிலனுடைய பதிவை. வரிகள் அதில்தான் தெளிவாக விழுகின்றன.

நாளைக்குத் தலைப்பு பாஸ் கிட்டார் என்று இப்போதே சொல்லிவிட்டான். பிளாக் சப்பாத்தை நேற்றே செலவழித்துவிட்டதால் கீஸர் பட்லருக்கு இடமில்லை. 'த ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன், எந்தப் பாட்டு என்பதுதான் பாக்கி.