டூல் டிஸ்கிரிப்ஷன் எழுதப் போய் அக்கவுன்ட்ஸ் கத்துக்கிட்ட கதை

ஒரு மாசமா நான் கோடு எழுதினத விட டிஸ்கிரிப்ஷன் எழுதினதுதான் ஜாஸ்தி. எங்க பில்லிங் சாஃப்ட்வேருக்கு ஏஐ ஏஜென்ட் (நாம சொல்றத கேட்டு தானே வேலைய முடிக்கிற ஏஐ) மாட்டுற வேலை. ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர இன்னொரு சாஃப்ட்வேர் கூப்பிடுற வழி) எல்லாம் ஏற்கெனவே இருக்கு, அத அப்படியே டூலா, அதாவது ஏஜென்ட் கூப்பிடக்கூடிய ஃபங்ஷனா, எடுத்து வெளிய வச்சு, எது எதுக்குன்னு ஒரு டிஸ்கிரிப்ஷன் எழுதினா போதும், ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்னு மீட்டிங்ல வாய விட்டது நான்தான்.

டெஸ்ட் அக்கவுன்ட்ல வச்சு முதல்ல ட்ரை பண்ணோம் (நல்லவேளை!). "போன வாரம் அனுப்புன இன்வாய்ஸ் தப்பா போயிருச்சு, கேன்சல் பண்ணிடு"ன்னு டைப் பண்ணேன். ஏஜென்ட் கொஞ்சங்கூட யோசிக்காம டெலீட் இன்வாய்ஸ் டூல கூப்பிட்டு இன்வாய்ஸையே தூக்கிருச்சு, தூக்கிட்டு "கேன்சல் செய்யப்பட்டது"ன்னு பவ்யமா ஒரு பதில் வேற. கணக்கு வழக்கு தெரிஞ்சவங்களுக்கு இது எவ்ளோ பெரிய கூத்துன்னு புரியும். கஸ்டமர் கைக்குப் போயிட்ட இன்வாய்ஸ டெலீட் பண்ணக்கூடாது, நம்பர் வரிசையில ஓட்டை விழும், ஆடிட்ல அந்த நம்பர் எங்கன்னு கேட்டா முழிக்கணும். அதுக்குத்தான் வாய்ட்னு ஒன்னு இருக்கு, நம்பர் அப்படியே இருக்கும், பாக்கி மட்டும் ஜீரோ ஆகிடும். பணமே வந்துட்டா அதுவும் கூடாது, கிரெடிட் நோட்தான் (அந்தத் தொகைய கஸ்டமர் கணக்குல திருப்பி வைக்கிற சீட்டு) போடணும்.

சரி, நம்ம டிஸ்கிரிப்ஷன் என்னன்னு போய் பாத்தா, "இன்வாய்ஸை டெலீட் செய்யும்". பக்கத்துல "இன்வாய்ஸை வாய்ட் செய்யும்". இத எழுதினவன் நான். டூல் பேரையே திருப்பிச் சொல்லிருக்கேன், அவ்ளோதான்.

ஏஜென்ட்டுக்குள்ள இருக்கிற ஏஐ மாடலுக்கு நம்ம கோடு தெரியாது, டேட்டாபேஸ் தெரியாது. ஓப்பன்ஏஐ 2023 ஜூன்ல ஃபங்ஷன் காலிங் (மாடல் டூல கூப்பிடுற வசதி) கொண்டு வந்ததுல இருந்து, 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் விட்ட எம்சிபி (ஏஐயையும் டூலையும் இணைக்கிற பொது விதிமுறை) வரைக்கும் அடிப்படையில அதுக்குப் போறது இந்த மூணுதான்: டூல் பேரு, டிஸ்கிரிப்ஷன், பாராமீட்டர் ஸ்கீமா (டூலுக்கு என்னென்ன விவரம் எந்த வடிவத்துல குடுக்கணும்ங்கிற பட்டியல்). புதுசா சேர்ந்த ஒருத்தர்கிட்ட இந்த மூணையும் பேப்பர்ல குடுத்து, யார்கிட்டயும் எதுவும் கேக்கக்கூடாதுன்னு சொல்லி சீட்ல உக்கார வச்சா என்ன ஆகுமோ அதான் ஆச்சு.

இப்ப அந்த டெலீட் டூலுக்கு எழுதி வச்சிருக்கிறது இது: "இன்னும் அனுப்பாத டிராஃப்ட் இன்வாய்ஸை மட்டும் நீக்கும், திரும்ப எடுக்க முடியாது. கஸ்டமருக்குப் போய்விட்ட இன்வாய்ஸ் என்றால் இதைப் பயன்படுத்தாதே, வாய்ட் இன்வாய்ஸ் பயன்படுத்து. பணம் வந்துவிட்டது என்றால் கிரெடிட் நோட். யூசர் வெறும் 'கேன்சல்' என்று சொன்னால் முதலில் கெட் இன்வாய்ஸ் கூப்பிட்டு ஸ்டேட்டஸ் பார்." இந்த டூல் என்ன செய்யும்ங்கிறது ஒரு வரிதான் பாருங்க, எப்ப தொடக்கூடாது, அப்ப எதுகிட்ட போகணும்ங்கிறதுதான் மிச்சம் முழுக்க. அதுக்கப்புறம் அதே கேள்விய எப்படி எப்படியோ மாத்தி கேட்டுப் பாத்தேன், டெலீட் பக்கம் போகல.

ஆனா ஒன்னு, இத நம்பி மட்டும் உக்காரக் கூடாது. அனுப்பின இன்வாய்ஸ டெலீட் பண்ண வந்தா சர்வரே முடியாதுன்னு சொல்லணும், அத கோடுல போட்டேன். எம்சிபில டூல் ரீட் ஒன்லியா, அழிக்கிற டூலான்னு சொல்ல தனியா குறிப்பு இருக்கு, ஆனா அதெல்லாம் வெறும் ஹிண்ட்தான், பூட்டு கிடையாது.

பாராமீட்டர் பக்கம் வந்தா அது தனி தலைவலி. டேட்னு மட்டும் போட்டு விட்டா 03/04/2025ன்னு வரும், அது மார்ச்சா ஏப்ரலா? 2025-04-03 மாதிரி அனுப்புன்னு உதாரணத்தோட எழுதிடணும். அமவுன்ட் அதவிட மோசம். ஸ்ட்ரைப் மாதிரி பேமென்ட் கம்பெனி ஏபிஐ எல்லாம் கரன்சியோட சின்ன யூனிட்ல (டாலர்னா சென்ட்) கேக்கும், 10 டாலர்னா 1000ன்னு அனுப்பணும், ஆனா ஜப்பான் யென்னுக்கு சில்லறையே இல்லாததால 1000 யென்னுக்கு அதே 1000தான். இத எழுதாம விட்டா நூறு மடங்கு பில் போகும், இல்ல நூத்துல ஒரு பங்கு போகும், ரெண்டுலயும் எரர்னு எதுவும் வராது.

எரர்னதும் ஞாபகம் வருது. "400 பேட் ரிக்வஸ்ட்"னு (அனுப்பினது தப்புன்னு மட்டும் சொல்ற எரர்) மட்டும் திருப்பி அனுப்பினப்ப ஏஜென்ட் அதே ரிக்வஸ்ட்ட நாலு தடவ அப்படியே அடிச்சுது. "டியூ டேட் இன்வாய்ஸ் டேட்டுக்கு முன்னாடி இருக்கு, மாத்தி அனுப்பு"ன்னு எரர் மெசேஜ மாத்தினேன், அடுத்த தடவையே சரி பண்ணிக்கிச்சு. டிஸ்கிரிப்ஷன்ல இத எழுதிருந்தா எல்லா ரிக்வஸ்ட்லயும் டோக்கன் (மாடல் படிக்கிற எழுத்துத் துண்டுகள்) தின்னுக்கிட்டு உக்காந்திருக்கும், எரர்ல வச்சா தப்பு நடக்கும்போது மட்டும் வரும்.

சொல்ல மறந்துட்டேன், நடுவுல ஒரு டூலுக்கு "மிக முக்கியம், கட்டாயம் இதை முதலில் கூப்பிடு"ன்னு கொட்டை எழுத்துல எழுதி வச்சேன். கஸ்டமர் அட்ரஸ் கேட்டாக்கூட அந்த டூல கூப்பிட ஆரம்பிச்சிருச்சு. எடுத்துட்டேன்.

கடைசியா அக்கவுன்ட்ஸ்ல இருக்கிற அக்காகிட்ட மொத்த லிஸ்டையும் பிரின்ட் எடுத்து குடுத்து, நாலஞ்சு சப்போர்ட் டிக்கெட்டயும் குடுத்து, எதுக்கு எந்த டூல்னு பேனாவுல டிக் பண்ணச் சொன்னேன். பாதி வந்ததும் நிறுத்திட்டு கேட்டாங்க, "தம்பி, குளோஸ் இன்வாய்ஸுக்கும் மார்க் ஆஸ் பெய்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?" எனக்கும் தெரியல. கோடுக்குள்ள போய் பாத்தா ரெண்டும் ஒரே ஃபங்ஷனத்தான் கூப்பிடுது, யாரோ எப்பவோ பேர் மாத்தும்போது பழசையும் விட்டு வச்சிருக்காங்க. குளோஸ தூக்கியாச்சு. மீதி பாதி லிஸ்ட் இன்னும் அவங்க டேபிள்ல கிடக்கு, மாசக் கடைசி கணக்கு முடிச்சிட்டு பாக்குறேன்னு சொல்லிருக்காங்க.