எங்களுக்குப் பின் பிள்ளைகள் யாரிடம்?

சென்ற மாதம் உயில் எழுத வழக்கறிஞரிடம் போனபோது, வீடு, நகை, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த நாங்கள், "நீங்கள் இருவருமே இல்லாவிட்டால் குழந்தைகளுக்குக் காப்பாளர் யார்?" என்று அவர் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஆறு.

அப்பா எழுதும் உயிலே போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (பதினெட்டு வயது நிரம்பாதவர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. தந்தை உயிலில் ஒருவரைக் காப்பாளராகக் குறித்திருந்தாலும், தந்தைக்குப் பின் தாய் உயிரோடு இருந்தால் அந்த நியமனம் செல்லாது. தாயும் தன் உயிலில் யாரையும் குறிக்காமல் இறந்தால்தான் அது மீண்டும் உயிர்பெறும். ஆகவே நானும் தனியாக ஓர் உயில் எழுதுவது, இரண்டிலும் ஒரே பெயர்களைக் குறிப்பது என்று முடிவானது.

பெயர்களில்தான் சிக்கல். என் பெற்றோருக்கு எழுபது கடந்துவிட்டது. கோவையில் இருக்கும் கணவரின் அண்ணன் வசதியானவர், கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவர். ஆனால் பிள்ளைகள் அவர் முன்னால் வாயைத் திறக்கமாட்டார்கள். திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கும் என் தங்கை வந்தால், கதவைத் திறப்பதற்குள் அவள் பையைத் துழாவுவார்கள். வளர்ப்பவரும் சொத்தைப் பார்ப்பவரும் ஒருவராகவே இருக்கவேண்டியதில்லை என்று வழக்கறிஞர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வளர்க்கும் பொறுப்பு தங்கைக்கு, சொத்தைப் பார்க்கும் பொறுப்பு கணவரின் அண்ணனுக்கு. அவராலும் நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றிப் பிள்ளைகளின் பெயரிலுள்ள வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்பது கூடுதல் நிம்மதி. (இதைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.)

எதையும் எழுதாமல் விட்டால், யாராவது 1890ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளராக அறிவிக்கக் கேட்கவேண்டும். பிள்ளைகளின் நலனைத்தான் நீதிபதி முதன்மையாகப் பார்ப்பார், விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கருதுவார். ஆனால் அதற்கு ஆகும் மாதங்களில் அவர்கள் யார் வீட்டில் தூங்குவார்கள்?

கேட்காமல் பெயரெழுதக் கூடாது என்று தங்கையை நேரில் பார்க்கப் போனோம். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்துவிட்டு, "சரி அக்கா, கோயம்புத்தூர் மாமா பணம் அனுப்பத் தாமதமானால் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது?" என்று கேட்டாள். எங்கள் மூவருக்கும், வழக்கறிஞர் உட்பட, தோன்றாத கேள்வி. ஒவ்வொரு கல்வியாண்டின் செலவையும் ஏப்ரலிலேயே அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பத்தியைச் சேர்த்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டோம். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிட்டோம்.