மன்றத்துப் பணமும் என் கைப்பேசியும்

எங்கள் ஊர் பேராவூரணிக்கு அருகில் இருக்கிறது. ஆடி மாதம் வந்துவிட்டால் மொய் விருந்துப் பந்தல்கள் எழும் பகுதி இது. இருபது ஆண்டுகளுக்கு முன் யார் வீட்டுக் காதணி விழாவில் எவ்வளவு எழுதினோம் என்பதை நோட்டைப் புரட்டி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுபவர்கள் நிறைந்த இந்த ஊரில், நாங்கள் நடத்திய இளைஞர் நற்பணி மன்றத்துக்கு முதல் நான்கு ஆண்டுகள் ஒரு ரொக்கப் புத்தகம்கூட இருந்ததில்லை. அப்போது பொருளாளர் நான்தான் என்பதால், அந்தக் குறையை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை.

2019-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு நடத்திய கபடிப் போட்டியில்தான் சிக்கல் வெளிப்பட்டது. ரசீது புத்தகத்துடன் வீடு வீடாகச் சென்று வசூலித்ததோடு, வெளியூரில் இருப்பவர்கள் ஜிபேயில் அனுப்பட்டும் என்று என் சொந்தக் கைப்பேசி எண்ணையே நோட்டீசில் அச்சிட்டிருந்தோம். அதே வாரங்களில் என் சித்தப்பா மகன் வாங்கியிருந்த கைமாற்றைத் திருப்பி அனுப்பினான். எங்கள் டிராக்டர் வாடகையும் அதே கணக்கில்தான் விழுந்தது. போட்டி முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது, வங்கிப் பட்டியலில் நன்கொடையாளரின் பெயருக்குப் பதிலாக அவருடைய மனைவியின் பெயரோ தந்தையின் பெயரோ இருந்தது. எது வாடகை, எது நன்கொடை என்று பிரிப்பதற்குள் மூன்று இரவுகள் போயின. கடைசியில் 3,200 ரூபாய் துண்டு விழுந்தது. யாரிடமும் சொல்லாமல் என் பணத்தைப் போட்டு ஈடுகட்டினேன்.

அது பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அது இரண்டாவது தவறு. செய்தி எப்படியோ கசிந்து, “கையிலிருந்து 3,200 போடுகிறான் என்றால் எவ்வளவு எடுத்திருப்பான்?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டதாகக் காதுக்கு வந்தது. மறுத்துப் பேச என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

பெரியப்பா முறையாகும் ஓய்வுபெற்ற அஞ்சலக அதிகாரி ஒருவர் அப்போது என்னைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினார். “தம்பி, அஞ்சலகத்தில் அன்றைய கணக்கை அன்றைக்கே முடித்து, இருப்பை எண்ணி எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். உன்னை யாரும் சந்தேகப்படவில்லை என்றாலும் நீ எண்ண வேண்டும்” என்றார். அன்று முதல், வசூல் நாள் எதுவானாலும், ரசீதின் அடிக்கட்டைகளைக் கூட்டி, ரொக்கத்தை எண்ணி, இரண்டும் ஒத்துப்போவதை இன்னோர் உறுப்பினர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே புத்தகத்தை மூடும் பழக்கம் வந்தது. அச்சிட்ட ரசீது புத்தகங்களின் எண்களையும், எந்தப் புத்தகம் யாரிடம் போயிருக்கிறது என்பதையும் தனியே குறித்தோம். பயன்படாமல் திரும்பும் புத்தகமும் கணக்கில் வர வேண்டும்.

அடுத்து மன்றத்தைப் பதிவு செய்தோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தாலே சங்கம் பதிவு செய்யலாம்; அதன்பின் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பதிவுச் சான்றைக் கொண்டு மன்றத்தின் பெயரில் பான் அட்டை வாங்கி, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு வங்கிக் கணக்குத் தொடங்கினோம். நன்கொடை இப்போது மன்றத்தின் க்யூஆர் அட்டையில் நேராக வந்துவிடுகிறது. செலவுதான் தொல்லை. பந்தல்காரரும் மைக்செட்காரரும் காசோலையைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அதற்காகப் பொருளாளர் கையில் 5,000 ரூபாய் முன்பணம் வைத்துக்கொண்டு, செலவுச் சீட்டுகளைக் காட்டிய பிறகே அதை நிரப்பிக்கொள்வது என்று தீர்மானம் எழுதினோம். பில் தராதவர்களிடம் நாங்களே சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் வருவாய் வில்லையை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒட்டி அதன்மேல் கையெழுத்து.

எனினும் எங்களை மிகவும் படுத்தியது பரிசுத் தொகைதான். நோட்டீசிலும் பிளெக்ஸ் பலகையிலும் முதல் பரிசு 25,000 ரூபாய் வழங்குபவர் என்று ஒருவரின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிடுவோம். இறுதி ஆட்டம் முடியும் நள்ளிரவு இரண்டு மணிக்கு அவர் கைப்பேசி அணைந்திருக்கும், வென்ற அணியோ வேனில் ஏறாமல் பணத்துக்காக நின்றுகொண்டிருக்கும். மைக்கில் அறிவிக்கப்பட்ட தொகை வரவு அல்ல என்பதை இரண்டு முறை பட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டோம். இப்போது பணம் கணக்கில் ஏறிய பிறகே பெயர் அச்சுக்குப் போகிறது. இதனால் இரண்டு பெரிய மனிதர்கள் எங்களோடு பேசுவதில்லை; பரிசோ குறித்த நேரத்தில் போய்ச் சேர்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பணத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தியக் குடிமகனாகவே இருந்து அங்கே வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினாலோ, அவர் எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அனுமதி இல்லாமல் மன்றம் அதைப் பெறக்கூடாது. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவனிடம் இதை விளக்கி, வேண்டாம் என்று சொன்ன நாள் சங்கடமானது. அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ நான் ஊர்க்காரன் இல்லையா?” என்று கேட்டான்.

சென்ற ஆண்டு பொறுப்பை இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவரிடம் ஒப்படைத்தேன். ரொக்கப் புத்தகம், பாஸ்புக், காசோலைப் புத்தகம், மீதி ரசீது புத்தகங்கள், முன்பணம் என ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு வாங்கினார். முன்பணத்தை இரண்டு முறை எண்ணிவிட்டு, “அண்ணே, நாற்பது ரூபாய் குறைகிறது” என்றார். முந்தைய வாரம் வங்கிக்குப் போன பேருந்துக் கட்டணத்துக்குச் சீட்டு எழுத மறந்திருந்தேன். பரவாயில்லை, நான் தந்துவிடுகிறேன் என்று சட்டைப் பையில் கைவிட்டேன். அவர் வாங்க மறுத்து, செலவுச் சீட்டையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.