துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் தொலைநோக்கி மவுண்டைச் சீரமைப்பது

வடக்கே சுவரோ மரமோ மறைத்தாலும், வட அரைக்கோளத்தில் ஈக்வடோரியல் மவுண்டை (ஓர் அச்சை வானத் துருவத்தை நோக்கி வைத்து, நட்சத்திரங்களைத் தொடரும் தொலைநோக்கித் தாங்கியை) துல்லியமாக நிறுத்தலாம். நட்சத்திரம் நகரும் திசையே பிழையைச் சொல்லிவிடும்.

முக்காலியை மட்டமாக்கி, உயர அளவுகோலில் உங்கள் அட்சரேகையை வையுங்கள். திசைகாட்டியை மவுண்டிலிருந்து தள்ளிப் பிடித்து வடக்கைப் பாருங்கள். மவுண்டில் உள்ள இரும்பு, திசைகாட்டியின் முள்ளை இழுக்கும். காந்தத் திசை விலகலையும் (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) கணக்கில் சேர்க்க வேண்டும்.

குறுக்குக்கோடு உள்ள ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டு, வானச் சுழற்சியைத் தொடரும் டிராக்கிங் மோட்டாரை ஓடவிடுங்கள். தொலைநோக்கிக் குழாயை டெக்ளினேஷன் (வடக்கு-தெற்கு) திருகால் லேசாக வடக்கே தள்ளினால் நட்சத்திரம் ஒதுங்கும் பக்கம்தான் தெற்கு. இதைக் குறித்துக்கொள்ளாமல் தொடங்கினால் திருத்தம் தலைகீழாகும்.

முதலில் தெற்கே, உச்சிக்கோட்டை (தலைக்கு மேலாக வடக்கு-தெற்காகச் செல்லும் கோடு) ஒட்டி, வான நடுவரைக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) 5 பாகைக்குள் உள்ள நட்சத்திரத்தைப் பாருங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. அசிமுத் திருகால் (மவுண்டைக் கிழக்கு-மேற்காகத் திருப்புவது) திருத்துங்கள். 1 பாகை பிழைக்கு நிமிடத்துக்குச் சுமார் 15 விகலை (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஒரு விகலை) நகரும். கிழக்கு மேற்கு ஆட்டத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அது பெரும்பாலும் பற்சக்கரப் பிழை.

அடுத்து கிழக்கே, சுமார் 20 பாகை உயரத்தில், அதே நடுவரையை ஒட்டிய நட்சத்திரத்தைப் பார்த்து, உயரத் திருகால் திருத்துங்கள். தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே நகர்ந்தால் உயரம். கிழக்கும் மறைந்திருந்தால் மேற்கைப் பயன்படுத்தலாம். அங்கே விதி நேர்மாறு. 40 பாகை உயரத்தில்தான் வானம் திறக்கிறதென்றால் அதுவும் போதும், ஆனால் அசிமுத் பிழை இதில் கலந்துவிடும். எனவே இரண்டு திருத்தங்களையும் மாறிமாறிச் செய்யுங்கள். கண்ணால் பார்க்க 5 நிமிடம் நகராமல் நின்றால் தாராளம். படமெடுக்க இன்னும் நீண்ட நேரம் சோதிக்க வேண்டும்.